சுட்டுப் பார்த்த துப்பாக்கி

வெல்டன் டாக்கெட்டைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்ல கால்டர் ஊரில் ஆள் நிறைய உண்டு. சர்ச்சில் கேட்டாலும் சொல்வார்கள், தீயணைப்பு நிலையத்தில் கேட்டாலும் சொல்வார்கள். பத்தொன்பது வருஷம் அவரோடு ஒரே கடையில் நின்ற நானும் சொல்வேன். ஆனால் அதோடு சேர்த்துச் சொல்ல வேண்டிய இன்னொன்றும் இருக்கிறது. அதில் எனக்கும் பங்கு உண்டு என்பதால்தான் இத்தனை நாள் வாயைத் திறக்காமல் இருந்தேன்.

எங்கள் கடையில் இடது பக்கம் தூண்டில், புழு, மீன்பிடி உரிமம். அது என் பக்கம். வலது பக்கம் கண்ணாடி மேசைக்குள் வரிசையாகக் கைத்துப்பாக்கிகள். அது வெல்டன் பக்கம். நடுவில் காபி இயந்திரமும் நாலு மடக்கு நாற்காலிகளும். காலை ஏழு மணிக்கே மூன்று கிழவர்கள் வந்து அந்த நாற்காலிகளில் உட்கார்ந்துவிடுவார்கள். அவர்கள் எதையும் காசு கொடுத்து வாங்கி நான் பார்த்ததில்லை. காபி இலவசம், வாய் அதைவிட இலவசம். சுவரில் பெரிய எழுத்தில் ஒரு பலகை: சுட்டுப் பார்த்த துப்பாக்கி திரும்ப எடுத்துக்கொள்ளப்படாது.

வெல்டனுக்கு அறுபத்தாறு வயது. ஆறு வருஷம் ராணுவத்தில் இருந்தவர். அந்த முதுகு இன்னும் வளையவில்லை. குப்பைத் தொட்டியைத் தெருவுக்கு இழுத்து வரும்போது கூட சட்டைக்கு அடியில், இடுப்பில், ஒரு கிலோ எடையுள்ள பழைய பிஸ்டல் இருக்கும். மாதத்துக்கு ஒரு சனிக்கிழமை சர்ச் கூடத்தில் வகுப்பு எடுப்பார். துப்பாக்கியை உடைக்குள் மறைத்து எடுத்துப் போக உரிமம் வேண்டும் என்றால் அந்த வகுப்பில் உட்கார்ந்து, பிறகு பின்னாலிருக்கும் ஜல்லிப் பள்ளத்தில் சுட்டுக் காட்ட வேண்டும். ஊரில் பாதிப் பேருக்கு அவர் கையெழுத்தில்தான் உரிமம்.

பெண்களுக்குத் துப்பாக்கி பொறுக்கித் தருவதில் அவருக்குத் தனிப் பெயர். "கையைக் காட்டு கண்ணு" என்பார். ஜோசியக்காரர் மாதிரி உள்ளங்கையைப் பார்ப்பார். கூட வந்திருக்கும் புருஷனிடமோ அண்ணனிடமோ இரண்டு கேள்வி கேட்பார். அந்தப் பெண்ணிடம் ஒன்றும் கேட்க மாட்டார். பிறகு குனிந்து, கடைசி வரிசையிலிருந்து ஐந்து தோட்டா போடும் அந்தக் குட்டி ரிவால்வரை எடுத்து வைப்பார். இறகு மாதிரி லேசாக இருக்கும். கைப்பையில் போட்டால் இருப்பதே தெரியாது. சின்னக் கைக்குச் சின்னத் துப்பாக்கி. சின்னக் காலுக்குச் சின்னச் செருப்பு என்பது போல, கேட்கிறவனுக்கு நியாயமாகத்தான் படும்.

அது நியாயமே இல்லை. கனமான துப்பாக்கி சுடும்போது வரும் உதையைத் தானே பாதி வாங்கிக்கொள்ளும். லேசானது மொத்தத்தையும் நம் கைக்குக் கொடுத்துவிடும். அதன் விசையும் கெட்டியானது. இழுக்க இழுக்க வராது. சுடத் தெரிந்தவனுக்கே அது முரட்டுச் சாமான். வெல்டனுக்கு இது தெரியாதா? எல்லாம் தெரியும். அவர் இடுப்பில் ஏன் ஒரு கிலோ தொங்குகிறது? பெண்கள் எங்கே சுடப் போகிறார்கள், பையில் தைரியத்துக்குக் கிடக்கட்டும் என்பதுதான் அவர் கணக்கு. வாங்கித் தருகிற புருஷன்மார் கணக்கும் அதுதான். எங்கள் ஊர்ப் பெண்கள் பையில் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தது போல அதே ரிவால்வர். என்னிடமும் ஒன்று இருக்கிறது. வண்டியின் டேஷ்போர்டு பெட்டிக்குள் கிடக்கிறது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இரண்டு வருஷம் முன்னால் ஒரு செப்டம்பர் மாதம் கார்லின் ஹப் கடைக்கு வந்தாள். அவளுக்கு வீடு விற்றுக் கொடுக்கிற வேலை. முன்பின் தெரியாத ஆட்களைத் தனியாக அழைத்துப் போய்க் காலி வீடுகளைத் திறந்து காட்ட வேண்டும். விவாகரத்தாகி மூன்று வருஷம் ஆகியிருந்தது. அவள் புருஷன் கை நீட்டுகிறவன் என்பது ஊருக்கே தெரியும். தெரிந்தும் யாரும் கேட்கவில்லை என்பது வேறு கதை. உரிமத்துக்கான வகுப்பை, கடைக்கு வருவதற்கு மூன்று வருஷம் முன்பே, யாரிடமோ இரவல் வாங்கிய துப்பாக்கியில் சுட்டு, முடித்து வைத்திருந்தாள். சொந்தமாகத் துப்பாக்கி வாங்குவது அதுதான் முதல் தடவை.

வந்தவள் கண்ணாடி மேசை முழுவதையும் ஒரு தடவை பொறுமையாகப் பார்த்தாள். நடுத்தர அளவில் ஒரு பிஸ்டலைக் காட்டி, அதைக் கையில் எடுத்துப் பார்க்கலாமா என்று கேட்டாள். வெல்டன் சிரித்தார். அது உன் கைக்குப் பெரிசு கண்ணு, கையைக் காட்டு என்றார். அவள் தயங்கியபடி காட்டினாள். குட்டி ரிவால்வர் மேலே வந்தது. கூட ஆண் துணை யாரும் வராததால் வெல்டன் காபிக் கிழவர்களைப் பார்த்து, சரிதானே என்று கேட்டார். மூன்று தலையும் ஆடின. அவள் இன்னொரு தடவை அந்த நடுத்தர பிஸ்டலைப் பார்த்துவிட்டு, பிறகு கிரெடிட் கார்டை எடுத்தாள்.

இரண்டு வாரத்தில் திரும்பி வந்தாள். வலது கையில் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே தோல் கிழிந்து, சுற்றிலும் கத்திரிப்பூ நிறத்தில் கன்றிப் போயிருந்தது. மெதுவாகத்தான் பேசினாள். மூன்று தடவை ஜல்லிப் பள்ளத்துக்குப் போய்ச் சுட்டுப் பார்த்தேன், வலி தாங்க முடியவில்லை, ஒரு குண்டு கூடக் காகிதத்தில் படவில்லை, அந்த நடுத்தரத்தை எடுத்துக்கொள்கிறேன், விலை வித்தியாசத்தைக் கொடுத்துவிடுகிறேன் என்றாள்.

வெல்டன் பலகையைக் காட்டினார். அவள் பலகையைப் படித்தாள். படித்தும் நகரவில்லை. கிழவர்கள் காபிக் கோப்பையைக் கையில் பிடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தார்கள். பார்க்க ஆள் இருந்தால் வெல்டனுக்கு நாக்கு சும்மா இருக்காது.

"கார்லின், உன் புருஷன் கூடத்தான் உனக்கு வலிக்க வச்சான். அவனைப் பதினோரு வருஷம் வச்சிருந்தியே. இதை ரெண்டு வாரம் வச்சுக்க முடியலையா?"

கடை அதிர்ந்தது. ஒரு கிழவருக்குக் காபி மூக்கில் ஏறிவிட்டது. நானும் சிரித்தேன். சும்மா ஒப்புக்குச் சிரித்ததாகச் சொல்லித் தப்பிக்க மாட்டேன். மேசையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரும் வரைக்கும் சிரித்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது கார்லின் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ரிவால்வரைப் பைக்குள் வைத்து, பையின் ஜிப்பை இழுத்து மூடிவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு அவள் கடைப்பக்கம் வரவேயில்லை. மீன்பிடி உரிமத்தைக் கூட அடுத்த ஊரில் வாங்கிக்கொண்டாள் என்று கேள்விப்பட்டேன்.

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். போன வருஷம் வெல்டனுக்கு வந்தது மூட்டுவலி. இரண்டு கட்டைவிரல்களின் அடிமூட்டிலும் வந்து குடியேறியது. முதலில் ஊறுகாய் பாட்டிலை என்னிடம் நீட்டினார். அவருடைய மதியச் சாப்பாட்டில் வெள்ளரி ஊறுகாய் இல்லாமல் இருக்காது. திறந்து கொடுத்தேன். பிறகு மேசைக்குள் இருக்கும் பிஸ்டல்களை எல்லாம் மேல்பாகம் பின்னால் இழுத்த நிலையிலேயே வரிசையாக வைக்கும் புது வழக்கம் வந்தது. காலையில் நான் வந்ததும் ஒவ்வொன்றாக இழுத்து வைக்கச் சொல்வார். வாடிக்கையாளர் உள்ளே காலியாக இருப்பதைப் பார்த்துக்கொள்ள வசதி என்று காரணம் சொன்னார். பிஸ்டல் என்றால் மேல்பாகத்தை ஒரு கையால் பிடித்து வெடுக்கென்று பின்னால் இழுத்து விட வேண்டும். அப்போதுதான் முதல் தோட்டா உள்ளே ஏறும். அந்த ஒரு இழுப்பு அவரால் முடியவில்லை என்று எனக்குப் புரிய ஒரு மாதம் ஆனது.

இந்த வருஷம் ஜனவரி வகுப்பில் கையும் களவுமாகப் பார்த்தேன். இலக்குக் காகிதம் ஒட்டுவதும் பெயர் பதிவதும் அங்கே என் வேலை. வாத்தியார் முதலில் ஐந்து குண்டு சுட்டுக் காட்டுவது எங்கள் வழக்கம். அன்று நல்ல குளிர். இரண்டாவது குண்டிலேயே அவர் பிஸ்டல் சிக்கிக்கொண்டது. இழுத்து விட்டால் சரியாகிவிடும். அவர் இழுத்தார். வரவில்லை. மறுபடி இழுத்தார். முகம் சுருங்கியது. உடனே திரும்பி, இப்படிச் சிக்கிக்கொண்டால் என்ன செய்வீர்கள், யார் செய்து காட்டுகிறீர்கள் என்று வகுப்பைக் கேட்டார். ஒரு விவசாயி வந்து ஒரே இழுப்பில் சரிசெய்து கொடுத்தான். சபாஷ் என்று அவன் முதுகில் தட்டினார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாயிற்று. மிச்ச மூன்று குண்டை அவர் சுடவே இல்லை.

மார்ச் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை கடைக்கு விடுமுறை. லிட்டில் ராக் நகரம் வரைக்கும் வண்டி ஓட்டி வர முடியுமா என்று கேட்டார். எண்பது மைல். ஸ்டீயரிங் பிடித்தால் கை மரத்துவிடுகிறதாம். எதற்கு என்று கேட்டேன். வழியில் ஒரு கடையில் நிறுத்தி, பிஸ்கட் என்கிற மெத்து ரொட்டியும் அதன்மேல் ஊற்றும் வெள்ளை மாவுக் குழம்பும் சாப்பிட்டோம். முள்கரண்டியை அவர் நாலு விரலால் பிடித்துக்கொண்டு சாப்பிட்டதைப் பார்க்காத மாதிரி இருந்தேன். காபி வந்த பிறகுதான் சொன்னார்.

"நம்ம கடையில வேற துப்பாக்கி வாங்கினா ஊர் முழுக்கத் தெரிஞ்சுடும் ரோவினா. அங்க என்னை யாருக்கும் தெரியாது."

அந்த ஊர்க் கடை எங்களுடையதைப் போல நாலு மடங்கு. பின்னாலேயே சுட்டுப் பார்க்க அறை. மேசைக்குப் பின்னால் டேனிகா என்று பெயர்ப்பட்டை குத்திய ஒரு பெண்; முப்பது வயது இருக்கலாம். வாங்க ஐயா, வாங்க அம்மா, என்ன பார்க்கறீங்க என்றாள். வெல்டன் வாயைத் திறந்தார். திறந்த வாயிலிருந்து வந்தது இதுதான்: இவங்களுக்குத்தான் வேணும், இவங்க பணம், இவங்கதான் வாங்கறாங்க. நான் சும்மா வண்டியில கூட வந்தேன். கையில பலம் இல்ல, பாவம்.

எனக்குச் சுருக்கென்றது. என் கையில் பலம் இல்லையாம். தினமும் காலையில் அவருக்காக நாற்பது பிஸ்டலை இழுத்து வைக்கிற கை! மறுத்துப் பேசியிருப்பேன். ஆனால் அவர் என்னைப் பார்க்காமல் கண்ணாடியையே பார்த்துக்கொண்டு நின்ற நிலையைப் பார்த்து வாயை மூடிக்கொண்டேன்.

அந்தப் பெண் என் கையைக் காட்டச் சொல்லவில்லை. வெல்டனிடமும் ஒன்றும் கேட்கவில்லை. எங்கே வைத்து எடுத்துப் போவீர்கள், இடுப்பிலா பையிலா, இதுவரை எது சுட்டிருக்கிறீர்கள், அதில் எது பிடிக்கவில்லை என்று என்னிடம் கேட்டாள். பிறகு ஐந்து துப்பாக்கிகளை எடுத்து ஒரு துணிமேல் பரப்பி, "எது கைக்குப் புடிக்குதோ எடுத்துப் பாருங்கம்மா. அவசரமே இல்ல" என்றாள். எனக்கு ஐம்பத்து நாலு வயது. பத்தொன்பது வருஷம் துப்பாக்கிக் கடையில் நின்றவள். அந்தக் கேள்வியை என்னிடம் யாரும் கேட்டதே இல்லை. பக்கத்தில் வெல்டன் மூச்சு விடுவது கேட்டது.

ஐந்தில் ஒன்று வித்தியாசமானது. பக்கவாட்டில் ஒரு சின்ன நெம்புகோல். அதைத் தள்ளினால் குழலின் பின்முனை மட்டும் மேலே எழும்பும். அதில் முதல் தோட்டாவைப் போட்டு மூடினால் முடிந்தது; மிச்சம் கைப்பிடிக்குள்ளிருந்து தானாகவே ஏறும். எதையும் இழுக்க வேண்டாம். குண்டு சின்னதுதான், ஆனால் வலு இல்லாத கையும் அதைக் கையாளலாம். எங்கள் கடையில் அப்படி ஒன்று வந்தபோது வெல்டன் அதற்கு வைத்த பெயர் 'முதியோர் இல்லம்'. ஒரு வருஷம் விற்காமல் கிடந்து, திருப்பி அனுப்பினோம். இப்போது அவர் கண் அதைவிட்டு அகலவில்லை. இதைப் பாரு என்று என்னிடம் சொன்னார். பிறகு தானே எடுத்து நெம்புகோலைத் தள்ளினார், மூடினார், மறுபடி தள்ளினார். இதுவே போதும், இவங்களுக்கு இது சரியா இருக்கும் என்றார்.

சுட்டுப் பார்க்கச் சொன்னாள் டேனிகா. சுட்டேன். அவள் என் பிடியைக் கவனித்துவிட்டு, உங்க கை நல்ல கைம்மா, இதைவிடப் பெரிசையே நீங்க சுலபமா சுடுவீங்க என்றாள். இல்லை, இதுவே இருக்கட்டும் என்றேன். அவள் தோளைக் குலுக்கிவிட்டு உள்ளே போய்ப் படிவத்தை எடுத்து வந்து என் முன்னால் வைத்தாள்.

இந்த நாட்டில் எந்தக் கடையில் துப்பாக்கி வாங்கினாலும் அந்தப் படிவம் உண்டு. அதில் ஒரு கேள்வி: இதை உண்மையில் வாங்குபவர் நீங்கள்தானா? இன்னொருவர் பணத்தில் இன்னொருவருக்காக வாங்கிக்கொண்டு 'ஆம்' என்று எழுதினால் சிறை. அந்தக் கேள்வியின் மேல் விரலை வைத்துத் தட்டித் தட்டி, படிச்சுட்டு எழுது, பொய் எழுதினா என் கடை போகும், உன் வாழ்க்கை போகும் என்று ஆயிரம் பேருக்காவது சொல்லியிருப்பார் வெல்டன். பணம் அவர் சட்டைப் பையில் இருந்தது. பேனா என் கையில் இருந்தது.

நான் எழுதவில்லை. அவரைப் பார்த்தேன். அவர் படிவத்தைப் பார்த்தார். காது மடல் இரண்டும் சிவந்து போயிருந்தன. பிறகு படிவத்தை மெல்லத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"எனக்குத்தாம்மா. என் கைதான் போயிடுச்சு."

டேனிகா சிரிக்கவில்லை. ஐயோ என்றும் சொல்லவில்லை. அப்படின்னா நீங்களே சுட்டுப் பாத்துடுங்க ஐயா, அதுக்கப்புறம் எழுதலாம் என்று மட்டும் சொன்னாள். அவர் சுட்டார். ஏழு குண்டும் காகிதத்தில் விழுந்தன. பிறகு படிவத்தைத் தானே எழுதிக் கையெழுத்துப் போட்டார். திரும்பி வரும் வழியில் முப்பது மைல் தாண்டியதும், கார்லின் அன்று கேட்டது எந்த பிஸ்டல் என்று ஞாபகம் இருக்கிறதா என்று என்னைக் கேட்டார். நடுவரிசையில் மூன்றாவது என்றேன். எனக்கு அன்றைக்கே தெரியும், அது அவள் கைக்குச் சரியாக இருந்திருக்கும் என்றார். நான் ரேடியோவைப் போட்டேன்.

ஏப்ரல் வகுப்புப் பட்டியலில் கார்லின் ஹப் பெயர் இருந்தது. உரிமத்தை ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும், மறுபடியும் சுட்டுக் காட்ட வேண்டும். பக்கத்தில் வேறு வாத்தியார் கிடையாது. பட்டியலை வெல்டனிடம் காட்டினேன். படித்துவிட்டு மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அன்று கை வலி என்று சொல்லி வகுப்பை ஒத்திப் போட்டிருக்கலாம். அவர் போடவில்லை. அதை மட்டும் அவருக்காக நான் சொல்வேன்.

ஜல்லிப் பள்ளத்தில் பதினோரு பேர் நின்றார்கள். கார்லின் வரிசையின் கடைசியில். அவள் இடுப்பில், கோட்டுக்கு அடியில், ஒரு உறை தெரிந்தது. பை இல்லை, இடுப்பு. முதல் ஐந்து குண்டு வாத்தியாருடையது. வெல்டன் முன்னால் வந்து, அந்தச் சின்ன பிஸ்டலை எடுத்தார். குழலைத் திறந்து தோட்டா போட்டு மூடினார். காபிக் கிழவர்களில் ஒருவருடைய மகன், டிவேன் என்பவன், அங்கே நின்றிருந்தான். அப்பன் வாய் அப்படியே மகனுக்கு.

"என்ன வெல்டன், சிகரெட் லைட்டரா?"

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். இந்தத் தடவை எனக்குச் சிரிப்பு வரவில்லை. வெல்டன் ஐந்தும் சுட்டார், ஐந்தும் பட்டன. துப்பாக்கியைக் காலியாக்கி மேசைமேல் வைத்துவிட்டு வகுப்பைப் பார்த்துப் பேசினார். என் பழைய பிஸ்டலை என்னால் இழுக்க முடியவில்லை, ஒரு வருஷமாக முடியவில்லை, அதை உங்களிடம் மறைத்தேன் என்றார். இதை வாங்க எண்பது மைல் தள்ளிப் போனேன், அங்கேயும் இது ரோவினாவுக்கு என்று பொய் சொன்னேன் என்றார். இந்த ஊர்ப் பெண்களுக்கு முப்பது வருஷமாக அவர்கள் கைக்கு ஆகாததை விற்றிருக்கிறேன், ஆகாது என்று தெரிந்தே விற்றிருக்கிறேன் என்றார். டிவேன் தரையில் கிடந்த ஜல்லியைக் காலால் தள்ளிக்கொண்டிருந்தான். பிறகு வெல்டன் தொப்பியைக் கழற்றினார்.

"கார்லின், அன்னைக்கு உன்னை எல்லாருக்கும் முன்னாடி அப்படிப் பேசினேன். அதனால எல்லாருக்கும் முன்னாடியே கேக்கறேன். என்னை மன்னிச்சுடு கண்ணு."

சினிமாவாக இருந்தால் இந்த இடத்தில் அவள் அழுது, இவர் அழுது, எல்லாம் நல்லபடியாக முடிந்திருக்கும். கார்லின் அழவில்லை. வரிசையிலிருந்து வெளியே வந்தாள்.

"உங்க கை வலிச்சதுக்கு அப்புறந்தான் என் கை ஞாபகம் வந்துச்சா? வலிக்காம இருந்திருந்தா?"

அவள் அந்த அக்டோபரில் நடந்ததைச் சொன்னாள். கடையிலிருந்து போன மூன்றாவது வாரம். மில் ரோட்டில் ஒரு காலி வீட்டைப் பார்க்க ஒரு ஆள் வந்தான். நல்ல சட்டை, நல்ல பேச்சு. வீட்டின் பின்கோடியில் துணி துவைக்கும் அறையைக் காட்டிக்கொண்டிருந்தபோது, அவன் கதவைச் சாத்தி அதன்மேல் சாய்ந்து நின்றுகொண்டான். சிரித்தான். அவள் கையில் பை இருந்தது. பைக்குள் ரிவால்வர் இல்லை. அது வீட்டில், அலமாரியில், காலுறைகளுக்கு நடுவே கிடந்தது.

"வலிக்கிற சாமானை யாரு தினமும் தூக்கிட்டுப் போவா? அவன் என் கோட்டுப் பொத்தான்ல கை வச்சுட்டான். அந்த நேரம் கேஸ் சிலிண்டர் வண்டிக்காரன் வீடு மாறி வந்து ஹாரன் அடிச்சான். அதனால இன்னைக்கு நிக்கறேன். யார்கிட்டயும் சொல்லல, போலீஸ்ல கூட. சொன்னா முதல் கேள்வியே, அந்தத் துப்பாக்கி எங்க கார்லின்னுதானே கேட்டிருப்பீங்க?"

நாங்கள் அப்படித்தான் கேட்டிருப்போம். அங்கே நின்ற ஒவ்வொருவருக்கும் அது தெரியும். எல்லாரும் வேறு வேறு பக்கம் பார்த்தோம்.

அவள் கோட்டுப் பையிலிருந்து ஒரு சாம்பல் நிறக் காலுறையை எடுத்தாள். அதற்குள் அந்தக் குட்டி ரிவால்வர். மேசைமேல், வெல்டனின் பிஸ்டலுக்குப் பக்கத்தில் வைத்தாள். கடைச் சட்டம் எனக்குத் தெரியும், பணம் வேண்டாம், வேறு யாருக்கும் இதை விற்காமல் இருந்தால் போதும் என்றாள். பிறகு, பெயர்ப் பட்டியலோடு நின்றிருந்த என் பக்கம் திரும்பினாள். எனக்குப் பின்னால் யாராவது இருக்கிறார்களா என்று ஒரு கணம் நான் திரும்பிக்கூடப் பார்த்தேன். அத்தனை கோழை நான்.

"அவர் ஜோக் அடிச்சாரு. நீதான் ரொம்ப நேரம் சிரிச்ச ரோவினா. உனக்கும் இதே துப்பாக்கியைத்தானே வித்தாரு? உனக்கு வலிக்கலையா?"

என்னுடையதைப் பற்றிப் பிறகு சொல்வதாகச் சொன்னேன் அல்லவா. வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம் வெல்டன் எனக்குப் பொறுக்கித் தந்தது அது. இதே பள்ளத்தில், யாரும் இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை, இரண்டு குண்டு சுட்டேன். மணிக்கட்டு வரைக்கும் மின்சாரம் பாய்ந்தது போல இருந்தது. மூன்றாவதைச் சுடவில்லை. மறுநாள் வெல்டன் எப்படி என்று கேட்டபோது, அருமை என்றேன். பதினெட்டு வருஷமாக அது டேஷ்போர்டு பெட்டிக்குள் கிடக்கிறது. கடைக்கு வந்த எத்தனையோ பெண்களிடம், நானும் அதையேதான் வைத்திருக்கிறேன் கண்ணு, நல்லா இருக்கு என்று என் பக்கத்திலிருந்தே குரல் கொடுத்திருக்கிறேன். கார்லினிடமும் சொன்னேன். அவள் அந்த நடுத்தர பிஸ்டலை இரண்டாவது தடவை பார்த்தாளே, அதற்குப் பிறகு கார்டை எடுத்தாளே, அந்த இரண்டுக்கும் நடுவில்தான் சொன்னேன். கதையை ஆரம்பிக்கும்போது அதை விட்டுவிட்டேன். மறந்து விடவில்லை.

"வலிச்சுது" என்றேன்.

"அப்புறம் ஏன் சிரிச்ச?"

அவள் பதிலுக்காகக் காத்திருந்தாள். மற்ற பத்துப் பேரும் வெல்டனும் காத்திருந்தார்கள். கையில் இருந்த பட்டியலைப் பார்த்தேன். அதில் அவள் பெயருக்கு எதிரே கட்டம் காலியாக இருந்தது. சிரிக்காமல் இருந்திருந்தால் என் பக்கம் திரும்பியிருப்பார்கள், அவ்வளவுதான். அடுத்த ஜோக் என் மேல் விழுந்திருக்கும். அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். கோட்டை ஒதுக்கி, இடுப்பிலிருந்து தன் பிஸ்டலை எடுத்தாள். எங்கள் நடுவரிசையில் மூன்றாவதாக இருந்தது போலவே ஒன்று. மேல்பாகத்தை ஒரே இழுப்பில் இழுத்து விட்டாள். இருபது குண்டில் பத்தொன்பது காகிதத்தில் விழுந்தன. வெல்டன் கையெழுத்துப் போட்டுத் தந்தார், பேனாவை நாலு விரலால் பிடித்துக்கொண்டு. அவள் காகிதத்தை வாங்கிக்கொண்டு போனாள்.

மறுநாள் வெல்டன் கடைச் சுவரிலிருந்த பலகையைக் கழற்றிவிட்டார். அடுத்த வாரம் ஒரு பெண் வந்து, குட்டி ரிவால்வரைக் காட்டி, இது எப்படி என்று என்னைக் கேட்டாள். நான் தூண்டில் முட்களை எண்ணுகிற மாதிரி குனிந்துகொண்டேன். வெல்டன்தான் எதிர்ப்பக்கத்திலிருந்து, கேட்கிறாங்க பாரு ரோவினா, உண்மையைச் சொல்லு என்றார். நிமிர்ந்தேன். என் முகம் எரிந்தது. வலிக்கும் என்று சொல்ல எனக்குப் பதினெட்டு வருஷம் ஆகியிருந்தது.